பதினேழாம் அத்தியாயம்

"அவளுக்கு வேறு வழி என்ன இருக்கிறது, சார்?" என்று, நான் பதிப்பாசிரியராக இருந்த ஒரு நாவலின் எழுத்தாளர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

நாவலில் இரண்டு மதுரைகள். ஒன்று நாம் அறிந்தது. மற்றொன்றில், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை கட்டப்படவே இல்லை. மேற்கே ஓடும் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வராததால் ஊர் சுருங்கி, வயல்கள் மேய்ச்சல் தரைகளாகிவிட்டன. இங்கே பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருக்கும் மணமாகாத ஒரு பெண்ணின் உயிரும், அங்கே ஒருவருக்கு மனைவியாக வாழும், அவளேயான இன்னொருத்தியின் உயிரும் ஓரிரவில் உடல் மாறிவிடுகின்றன. பதினேழாம் அத்தியாயத்தில், மாறி வந்தவள் எதையும் சொல்லாமல் அந்தக் கணவனோடு இல்லறம் நடத்தத் தொடங்குகிறாள். நாவலிலேயே அழகாக எழுதப்பட்ட பகுதி அதுதான். தன்னருகில் இருப்பவள் தன் மனைவி அல்லள் என்பது அவனுக்குத் தெரியாது. தன் உடலுக்கு என்ன நேர்கிறது என்பது அந்த உடலுக்கு உரியவளுக்கும் தெரியாது. இருவரில் ஒருவருடைய சம்மதத்தைப் பற்றியாவது கதை கவலைப்பட வேண்டாமா என்று கேட்டேன்.

அவர் மரபைத் துணைக்கு அழைத்தார். அமருக மன்னனின் உடலில் ஆதிசங்கரர் புகுந்து வாழ்ந்ததாக வழங்கும் கதையில் அரசியரிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்றார். நான் திருமூலரைச் சொன்னேன். சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில், பசுக்களின் துயரம் பொறுக்காமல் புகுந்த யோகியார், தேடிவந்த மூலனின் மனைவி தம்மைத் தொட நெருங்கியபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. "விலகினார், சரி. அந்தப் பெண் ஊராரிடம் போய் முறையிடும் நிலைதானே வந்தது?" என்றார் அவர். அந்த இரண்டு கதைகளிலும் உடலுக்கு உரியவர் இறந்துவிட்டார், உங்கள் நாவலில் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொன்ன பிறகுதான் முதலில் குறிப்பிட்ட கேள்வி வந்தது. உண்மையைச் சொன்னால் பேய் பிடித்தவள் என்று கோடங்கியிடம் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அகப்பட்டுக்கொண்டவளிடமே அறத்தையும் எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்றார் அவர். வழியில்லை என்பதை அவள் உணர்வதாக ஒரு வரியாவது இருக்கலாம் என்பது என் பதில். அந்த ஒரு வரியும் சேரவில்லை. நான் அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

பதிப்பாசிரியரின் வேலை கதையின் உள்விதிகள் முறியாமல் பார்ப்பதுதான், பாத்திரங்களின் ஒழுக்கத்துக்குக் காவல் நிற்பதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் உள்விதிகளிலும் நான் அவ்வளவு கறாராக இருந்ததில்லை. முன்னுரையில் அவர் 1957இல் இயற்பியலாளர் ஹியூ எவரெட் முன்வைத்த, நேரக்கூடிய ஒவ்வொன்றும் தனித்தனி உலகமாகக் கிளை பிரிகிறது என்னும் பல உலகக் கொள்கையைத் துணைக்கு அழைத்திருந்தார். அந்தக் கொள்கைப்படி, கிளை பிரிந்த உலகங்களுக்கிடையே போக்குவரத்துக்கு இடமே இல்லை. மிகுபுனைவுதானே என்று அதை விட்டுவிட்டேன். இயற்பியலை விட்டுக்கொடுத்த நான் படுக்கையறையில் மட்டும் ஏன் பிடிவாதம் பிடித்தேன்? அறவுணர்வா, என் தலைமுறையின் கூச்சமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உயிர் மாறினாலும் கை பழகிய வேலை உடலிலேயே தங்கிவிடுகிறது என்று நாவலே சொல்லும்போது, அந்தக் கணவன் தொட்டது முழுக்க வேறொருத்தியைத்தானா என்ற ஐயமும் உண்டு. அதை அன்றே கேட்டிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

நாவல் நன்றாகவே விற்றது. வந்த கடிதங்களில் பல, பதினேழாம் அத்தியாயத்தைத்தான் காதலின் உச்சம் என்று பாராட்டின. கணவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது இரண்டாம் பதிப்பு. கணவனின் பார்வையில் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதிச் சேர்க்கலாமா என்று எழுத்தாளரே கேட்டிருக்கிறார். மகிழ்ந்திருக்க வேண்டிய நான் வேண்டாம் என்று எழுதினேன். வாசகர்கள் ஏற்றுக்கொண்ட மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்பது மனத்துக்குள் சொல்லிக்கொண்ட காரணம். கடிதத்தில் எழுதியது, பதினாறு பக்க அச்சு ஃபாரம் ஒன்று கூடினால் விலையை ஏற்ற வேண்டியிருக்கும் என்பது மட்டுமே.