வீடியோ காலில் வந்த புழு

காசிமேட்டில் காலை ஏழு மணி, ஏலம் முடிகிற நேரம். ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வீடியோ கால். அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. ராயபுரத்துப் பையன் தூண்டில் போட்டு முதல் சால்மனைப் பிடித்திருக்கிறான், ஆனால் முகம் பேயறைந்த மாதிரி.

“அத்த, மீன் மேல பேன் ஊருது. கடாசிடவா?”

வால் பக்கம் பழுப்பாக ஒட்டியிருந்தது கடல் பேன். பின்னால் தொங்கிய இரண்டு நூலும் முட்டைச் சரம். நன்னீரில் அது அதிக நாள் தாங்காது, உதிர்ந்துவிடும். ஆற்றில் பிடித்த மீனில் பேன் இருந்தால், அது கடலை விட்டு வந்து ரொம்ப நாளாகவில்லை. அங்கத்துத் தூண்டில்காரர்கள் அதைப் பார்த்தால் குஷியாகிவிடுவார்கள். கத்தியால் சுரண்டினால் போச்சு.

“நம்மூரு கானாங்கத்த செவுள்ல பூச்சி குந்திக்கினு இல்ல? மொதல்ல வவுத்தக் கிழிடா.”

கிழித்தான், கத்தினான். குடலைச் சுற்றி வெள்ளையாக, கொசுவத்திச் சுருள் மாதிரி புழுக்கள். அனிசாகிஸ். நீட்டினால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரும். திமிங்கிலம், டால்பின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடும். அதன் குஞ்சு கடலின் குட்டி இறால் வகைகளுக்குள் போய், அவற்றைத் தின்ற மீனுக்குள் வந்து சேரும். மீன் செத்தபின் குடலோடு கிடந்தால் புழு சதைக்குள் நகரலாம், முக்கியமாக வயிற்றுச் சதைக்கு. அதனால்தான் பிடித்த இடத்திலேயே ஆய்ந்து ஐஸில் போடச் சொல்வது.

சதையை மெல்லிசாக அரிந்து, இருட்டறையில் கண்ணாடித் தட்டில் பரப்பி, அடியிலிருந்து டார்ச் அடித்தால் புழு நிழலாகத் தெரியும். தடித்த துண்டில் தப்பிவிடும். வெளிச்சத்தை மட்டும் நம்பிப் பச்சையாகத் தின்னக் கூடாது.

பையன் அடுத்து காட்டியது சதைக்குள் பால்வெள்ளைக் கட்டிகள். ஹென்னெகுயா என்கிற நுண்ணிய ஒட்டுண்ணி. மனிதருக்குத் தொற்றாது, சதைதான் குழகுழவென்று ஆகும். இந்த உயிர் ஆக்சிஜனே இல்லாமல் வாழ்கிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள்.

“மூச்சே வுடாதா? உங்க மாமனும் அப்டிதான், பேச ஆரம்பிச்சா.”

“அத்த, சுஷி பண்ணலாம்னு இருந்தேன்.”

“பச்சையா துன்றதுக்கா அவ்ளோ தூரம் போன?”

பச்சையாக வேண்டுமென்றால், மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ல்தான் நிற்கும், கதவைத் திறக்கத் திறக்க இன்னும் ஏறும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போடாமல் நாள் எண்ணுவது வீண். எலுமிச்சை, வினிகர், வசாபி எதுவும் புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பசிபிக் சால்மனில் நாடாப்புழுவின் குஞ்சும் இருக்கும். உயிரோடு வயிற்றுக்குள் போனால் மீட்டர் கணக்கில் வளரும். சமைப்பதென்றால் துண்டின் நடுவில் 63 டிகிரி வந்தால் போதும், கொதிக்கிற குழம்பு அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். ஆனால் அனிசாகிஸ் ஒவ்வாமை உள்ளவர்களை வெந்து செத்த புழுவும் விடாது.

அத்தைக்கு இதுவரை கோபமே வரவில்லை.

“சரி, தலைய எங்க வெச்ச?”

“புழு இருக்கும்னு குடலோட சேத்து...”

அதற்கப்புறம் அத்தை சொன்னதை எழுத முடியாது.