முந்நூறு டாலருக்கு முதல் கைத்துப்பாக்கி, கேட்ட தோழிக்கு சொன்னது

போன வாரம் ஆஸ்டின்ல இருக்குற தோழி ஒருத்தி போன் பண்ணி, ஏய் நீ துப்பாக்கி வாங்கியிருக்கியாமே, எனக்கும் ஒண்ணு வேணும், முந்நூறு டாலருக்குள்ள நல்லதா ஒரு பேர் சொல்லுன்னு கேட்டா. ஒரு பேரை சொல்லிட்டு போனை வைக்க எனக்கு மனசு வரல. நானும் அதே கேள்வியோடதான் ஒரு கடைக்குள்ள போனேன், கொஞ்சம் விட்டிருந்தா எனக்கு சுத்தமா ஒத்து வராத ஒண்ணை வாங்கிட்டு வந்திருப்பேன். அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், அமெரிக்கால இருக்குற நம்ம ஆளுங்க வேற யாருக்காவது உதவும்.

எங்க வீடு டாலஸ்ல இருந்து கிழக்கால ஒன்றரை மணி நேரம், ரெண்டு ஏக்கர், பக்கத்து வீட்டு விளக்கு கூட மரத்துக்கு நடுவுல புள்ளி மாதிரிதான் தெரியும். 911 அடிச்சா ஷெரிஃப் வண்டி வந்து சேர இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். வீட்டுக்காரர் மாசத்துல பாதி நாள் வெளியூர். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு யாருன்னே தெரியாத ஒரு பிக்கப் எங்க டிரைவ்வேக்குள்ள வந்து லைட்டை அணைச்சிட்டு பத்து நிமிஷம் நின்னுட்டு போச்சு, நானும் பையனும் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருந்தோம். அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். ஊர்ல அம்மாகிட்ட சொன்னப்ப, ஏன்டி அந்த சனியனை எல்லாம் வீட்டுக்குள்ள விடுறன்னு அழுதாங்க. அவங்களை குத்தம் சொல்ல முடியாது, நமக்கு துப்பாக்கின்னா தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு சுட்டது, திருவிழால பலூன் சுட்டது, பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்குற செக்யூரிட்டி அண்ணன் தோள்ல தொங்குறது, அவ்வளவுதான் பழக்கம்.

முதல்ல ஒரு முக்கியமான விஷயம், இதை தயவுசெஞ்சு தாண்டி போயிடாதீங்க. எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கி வாங்கவும் கூடாது கையில வச்சிருக்கவும் கூடாது, இது ஃபெடரல் சட்டம். வேட்டை லைசென்ஸ் வச்சிருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலை பாருங்க. ரேஞ்சுல, அதாவது சுட்டு பழகுற இடத்துல, வாடகைக்கு எடுத்து சுடுறதுக்கும் இதே கணக்குதான், டீம் அவுட்டிங்னு ஆபீஸ்ல கூட்டிட்டு போனா கூட. கிரீன் கார்டு வந்துட்டா வாங்கலாம். ஆனா விசால இருக்குற தம்பிக்காகவோ ஃப்ரெண்டுக்காகவோ உங்க பேர்ல வாங்கி குடுத்துடாதீங்க, கடையில நிரப்புற ஃபாரத்துல நிஜமா வாங்குறது நீங்கதானான்னு நேரடியா ஒரு கேள்வி இருக்கு, அதுல பொய் சொன்னா கிரிமினல் கேஸ், 2022ல வந்த சட்டப்படி 15 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். கிரீன் கார்டும் போயிடும்.

சரி, கடை. அங்க இருந்த பையன் என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்துட்டு உள்ள இருந்து எடுத்துட்டு வந்தது உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு குட்டி பாயின்ட் 380 பிஸ்டல் (அந்த நம்பர் தோட்டாவோட அளவு), ரோஸ் கலர்ல. லேடீஸ் எல்லாம் இதைத்தான் மேம் எடுப்பாங்க, ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாம், விலையும் கம்மின்னான். பத்து அவுன்ஸ் கூட இருக்காது. எனக்கும் பிடிச்சு போச்சு, கார்டை எடுத்துட்டேன். பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா, ரிட்டயர்ட் போலீஸ்காரங்க, இப்ப ஆரம்ப பாடம் எடுக்குறாங்க, அவங்கதான் மெதுவா கேட்டாங்க, இதை நீ சுட்டு பாத்தியா கண்ணுன்னு (அவங்க சொன்னது ஹனி, ஆனா எனக்கு கண்ணுன்னுதான் கேட்டுச்சு). இல்லைன்னேன். அப்போ இன்னைக்கு வாங்காதே, சனிக்கிழமை ரேஞ்சுக்கு வான்னாங்க.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு காசையும் மிச்சம் பண்ணுச்சு கையையும் காப்பாத்துச்சு. சனிக்கிழமை போய் அதே மாடலை வாடகைக்கு எடுத்து சுட்டேன். துப்பாக்கி எவ்வளவு சின்னதோ எவ்வளவு லேசோ அவ்வளவு உதைக்கும், எடை இருந்தாத்தான் உதையை அது வாங்கிக்கும், இல்லைன்னா மொத்தமும் நம்ம மணிக்கட்டுல இறங்கும். அஞ்சு ரவுண்டு சுட்டேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தோல் செவந்து போச்சு, ஆறாவது சுட கை வரல. ஹேண்ட்பேக்குக்கு ஏத்ததுன்னு சொன்னது எல்லாம் பல வருஷம் சுட்டு பழகுன கைக்கு, முதல் துப்பாக்கிக்கு இல்ல. குட்டி ரிவால்வரும் அப்படித்தான், பாக்க ஈசியா இருக்கும், ட்ரிக்கரை இழுக்குறதுக்குள்ள குறி எங்கயோ போயிடும்.

எந்த தோட்டான்னு யாராவது கேட்டா யோசிக்காம 9 எம்எம்னு சொல்லுவேன். உலகத்துல பாதி ராணுவமும் போலீஸும் அதைத்தான் போடுது, அதனால எந்த கடைலயும் கிடைக்கும், விலையும் கம்மி, 50 ரவுண்டு பெட்டி எனக்கு பதிமூணு பதினஞ்சு டாலருக்கு கிடைக்குது. (நம்ம ஊர்ல சாதாரண சிவிலியனுக்கு 9 எம்எம் லைசென்ஸ் கிடைக்காது, பெரும்பாலும் பாயின்ட் 32 தான், இங்க 9 எம்எம்தான் எல்லாத்தையும் விட சாதாரணம்.) பாயின்ட் 380 தோட்டா அதைவிட சின்னது ஆனா விலை ஜாஸ்தி, துப்பாக்கில மிச்சம் பிடிச்ச அம்பது டாலர் நாலஞ்சு மாசத்துல தோட்டால போயிடும். இன்னொரு கண்ணி, போலீஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து வர்ற பழைய கிளாக் 22. முந்நூறு சொச்சத்துக்கு கிளாக்கான்னு ஆசையா இருக்கும், ஆனா அது பாயின்ட் 40 கேலிபர். எஃப்பிஐயும் நிறைய போலீஸும் பாயின்ட் 40ல இருந்து 9 எம்எம்முக்கு திரும்பி போனதாலதான் அது இவ்வளவு மலிவா வருது. உதையும் அதிகம் தோட்டா விலையும் அதிகம், முதல் துப்பாக்கியா வேண்டாம். பழசுதான் வேணும்னா 9 எம்எம்ல வர்ற போலீஸ் பழசை தேடுங்க, வெளிய பெயின்ட் தேய்ஞ்சிருக்கும், உள்ள நல்லா இருக்கும், இடுப்பு உறைல கிடந்ததுதான் அதிகம் சுட்டது கம்மி.

அன்னைக்கு ரேஞ்சுல நாலு எடுத்து சுட்டேன். கிளாக் 19 அருமை, ஆனா புதுசு என் பட்ஜெட்டுக்கு மேல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈசி, கைல பலம் கம்மியா இருக்குறவங்களுக்குன்னே பண்ணது, ஸ்லைடு (தோட்டாவை உள்ள ஏத்த பின்னாடி இழுத்து விடுற மேல் பாகம்) வெண்ணெய் மாதிரி வருது, மூட்டு வலி இருக்குறவங்க அதைத்தான் பாக்கணும், அதுவும் முந்நூறை தாண்டுது. டாரஸ் ஜி3, பிரேசில் கம்பெனி, விலைக்கு நல்லா இருந்துச்சு, என் கைக்கு பிடி கொஞ்சம் தடிமன். கடைசியா ரூகர் செக்யூரிட்டி-9. நாலு இன்ச் பேரல், மேகசின்ல (தோட்டா அடுக்கி உள்ள சொருகுற பெட்டி) 15 ரவுண்டு, எடை 24 அவுன்ஸ் கிட்ட, கட்டைவிரலுக்கு எட்டுற இடத்துல சேஃப்டி, அதாவது தவறி சுடாம தடுக்குற லாக். பிடிச்ச உடனே கை அதுவா போய் உக்காந்துச்சு, அதையே எடுத்துட்டேன். இதை விட மலிவா ஒஹையோல பண்ற ஹை-பாயின்ட்னு ஒண்ணு இருக்கு, இருநூறுக்குள்ள கிடைக்கும், வேலை செய்யுதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஸ்லைடு பாறாங்கல் கணக்கா கனம், என்னால அதை இழுக்கவே முடியல, அதனால விட்டுட்டேன்.

ஸ்லைடு பத்தி சொல்லியே ஆகணும், நிறைய பொம்பளைங்க இதுல பயந்துதான் சின்னதை வாங்கிடுறாங்க. ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா வராது. அந்த அம்மா சொல்லி குடுத்தது இப்படி: துப்பாக்கியை நெஞ்சுக்கு பக்கத்துல கொண்டு வா, வாய் நேரா டார்கெட் பக்கமே இருக்கட்டும், ட்ரிக்கர்ல விரல் இருக்க கூடாது, இடது உள்ளங்கையால ஸ்லைடை மேல இருந்து கவ்வி பிடி, இப்போ ஸ்லைடை இழுக்காதே, வலது கையால பிடியை முன்னாடி தள்ளு. தள்ளுனேன், டக்குனு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மல்லு கட்டிட்டு இருந்தேன்.

இன்னொண்ணும் பண்ணாங்க. என் மேகசினை வாங்கி திரும்பி நின்னு தோட்டா போட்டு குடுத்தாங்க, நடுவுல ரெண்டு வெடிக்காத டம்மி தோட்டா கலந்துட்டாங்க, எது எங்கன்னு எனக்கு தெரியாது. மூணாவது தடவை ட்ரிக்கர் இழுத்தேன், க்ளிக்னு ஒரு சத்தம் மட்டும், வெடிக்கல, ஆனா துப்பாக்கி முனை அதுவா ஒரு இன்ச் கீழ குனிஞ்சுச்சு. உதை வரப்போகுதுன்னு கை முன்கூட்டியே பயந்து அமுக்குது. அதுவரைக்கும் குண்டெல்லாம் ஏன் டார்கெட்ல கீழ இடது பக்கமே விழுதுன்னு நான் துப்பாக்கியை சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். இந்த ஒரு பாடத்துக்காகவே க்ளாஸுக்கு குடுத்த நூறு டாலர் தகும்.

வாங்குற அன்னைக்கு 4473னு ஒரு ஃபாரம் நிரப்பணும், கடைக்காரர்கிட்ட கைத்துப்பாக்கி வாங்க 21 வயசு ஆகியிருக்கணும், அந்த ஸ்டேட்ல குடியிருக்கணும். நம்ம ஆளுங்க ரெண்டு இடத்துல மாட்டுறாங்க, ஒண்ணு டிரைவர் லைசென்ஸ்ல இன்னும் பழைய அபார்ட்மென்ட் அட்ரஸ் இருக்கும், இன்னொண்ணு கிரீன் கார்டை வீட்ல விட்டுட்டு போயிடுவாங்க, அதுல இருக்குற ஏ நம்பரை ஃபாரத்துல எழுதணும். அப்புறம் எஃப்பிஐ செக், அதாவது நமக்கு துப்பாக்கி விக்கலாமான்னு பாக்குறது, எனக்கு டிலேன்னு வந்து ரெண்டு நாள் கழிச்சு ஓகே ஆச்சு, அப்படி வந்தா பதறாதீங்க.

முந்நூறு டாலர்னு சொன்னேன்ல, அது துப்பாக்கிக்கு மட்டும். வரி, க்ளாஸ், முதல் மாசத்துக்கு இருநூறு முந்நூறு ரவுண்டு, காதுக்கு மஃப், கண்ணுக்கு கண்ணாடி, பெட்டகம், எல்லாம் சேத்து எனக்கு எழுநூறு கிட்ட ஆச்சு. கையில மொத்தமே முந்நூறுதான் இருக்குன்னா இன்னும் ரெண்டு மாசம் பொறுத்து வாங்குங்க. காது மஃப்ல கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு வெடி 150 டெசிபலுக்கு மேல, போன காது திரும்பாது.

பெட்டகத்தை நான் துப்பாக்கிக்கு ஒரு வாரம் முன்னாடியே வாங்கி அலமாரி உள்ள போல்ட் போட்டு இறுக்கிட்டேன், பட்டன் அமுக்கி திறக்குறது, இருட்டுல அம்பது தடவை திறந்து மூடி பழகினேன். டெக்சாஸ்ல துப்பாக்கி பெட்டகத்துக்கு சேல்ஸ் டேக்ஸ் கூட கிடையாது. என் பையனுக்கு எட்டு வயசு, முறுக்கு டப்பாவை நான் எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சுடுவான், துணிக்கு அடியில வச்சா தெரியாதுன்னு நினைக்கவே நினைக்காதீங்க. 17 வயசுக்கு கீழ இருக்குற பிள்ளை கையில துப்பாக்கி கிடைக்கிற மாதிரி விட்டா இங்க நம்ம மேலதான் கேஸ்.

அப்புறம் இதை சொல்லாம விட முடியாது. நிறைய ரேஞ்சுல தனியா வர்றவங்களுக்கு வாடகைக்கு துப்பாக்கி தர மாட்டாங்க, ஏன்னு நானும் கேட்டேன், தற்கொலைக்கு பயந்துதான். இந்த நாட்டுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை, 2021ல 48,830 பேர்ல 26,328 பேர். வீட்ல யாராவது மனசு சரியில்லாம இருந்தா, வேலை போயி, குடும்பத்துல பிரச்சனைன்னு இருந்தா, அந்த நேரத்துல துப்பாக்கி வாங்காதீங்க, இருந்தாலும் வீட்டை விட்டு வெளிய குடுத்து வைங்க, 988க்கு, அதாவது தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணுங்க. தோழிகிட்ட இதை கேட்டப்ப அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், இல்லடி, நாங்க நல்லா இருக்கோம், பூட்டு மட்டும் ஏதோ உடைஞ்சு கிடக்குன்னா. அப்போ முதல்ல கதவு பூட்டை மாத்து, வாசல்ல லைட் போடு, அது நாப்பது டாலர்னேன்.

பூட்டை மாத்திட்டா. வர்ற சனிக்கிழமை இங்க வர்றா, அதே அம்மாகிட்ட க்ளாஸுக்கு பேர் குடுத்திருக்கேன். ரேஞ்சுல இருந்து வந்ததும் ஈயம் போக சோப்பு போட்டு கை கழுவணும், துணி மாத்திட்டுத்தான் பிள்ளையை தூக்கணும்னு சொல்லி மாத்து துணி எடுத்துட்டு வர சொல்லியிருக்கேன். மஃப் ரெண்டு செட் வண்டில இருக்கு.