எழுத்து ஓடுது, அண்ணை

ரொறன்ரோவுக்கு வந்த முதல் மூன்று வருடமும் ஒபெரா (பாட்டாலேயே கதை சொல்லும் ஐரோப்பிய நாடகம்) என்ற சொல்லை நான் குசினிக்குள் நின்றுதான் கேட்டிருக்கிறேன். டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. சில நாட்களில் ஆறு மணிக்கே மேசையெல்லாம் நிறைந்துவிடும், ஏழரைக்குள் அத்தனை பேரும் எழும்பிப் போய்விடுவார்கள், எங்கள் பக்கம் கோப்பை மலை மாதிரிக் குவியும். அப்படியான நாட்களில் "இண்டைக்கு ஒபெரா" என்று பின்னேரமே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள், புயல் எச்சரிக்கை மாதிரி.

ஒருநாள் எங்களோடு வேலை செய்த ஒரு பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தன் ரிக்கற்றை என் கையில் தந்துவிட்டாள். அறைக்குப் போய்ச் சொன்னேன். ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்ற், ஆறு பேர். மூத்தவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணை, கேட்டார்: "தம்பி, உனக்கு என்ன விசரோ? தெரியாத பாஷையில கத்துறதைப் போய்க் கேக்கப் போறியோ?"

கேள்வி நியாயமானதுதான். என் ஆங்கிலமே அப்போது யெஸ், நோ, சொறி என்ற அளவில்தான் இருந்தது.

யங் வீதியும் ஃப்றன்ற் வீதியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிற பெரிய மண்டபம். ஓகீஃப், ஹம்மிங்பேர்ட், சோனி, இப்போது மெரிடியன் என்று அதற்கு எத்தனையோ பெயர் வைத்துவிட்டார்கள். 3,000 பேருக்கு மேல் இருக்கலாம். 1974இல் பரிஷ்னிகோவ் என்ற ரஷ்ய நடனக்காரர் அங்கே ஆடி முடித்துவிட்டு, காத்திருந்த காருக்கு ஓடிப்போய்க் கனடாவில் அடைக்கலம் கேட்டவர். இதை மட்டும் அண்ணை கேட்டவுடன் நம்பினார், அகதிக் கேஸ் அடிக்கிற விஷயம் அவருக்கு அத்துப்படி.

அன்றைக்கு நடந்தது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் 'லா பொஹெம்'. பாரிஸில் மொட்டை மாடி அறையொன்றில் நாலு வறிய பெடியள், வாடகை கட்டக் காசில்லை, குளிருக்கு ஒருவன் தான் எழுதிய நாடகத்தையே அடுப்பில் போட்டு எரிக்கிறான். அவர்கள் மேலே, நாங்கள் நிலத்துக்குக் கீழே, வித்தியாசம் அவ்வளவுதான். பிறகு ஒரு பெண் மெழுகுதிரிக்கு நெருப்புக் கேட்டு வருகிறாள், அவன் அவள் கையைப் பிடித்து என்ன இவ்வளவு குளிர்ந்திருக்கு என்று பாடத் தொடங்குகிறான். பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் எனக்கு எப்படி விளங்கியது? பாடுவது இத்தாலியன். மேடைக்கு மேலே ஒரு நீளத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு இரண்டு வரியாக எழுத்து வந்துகொண்டிருந்தது. பாட்டு மெதுவாகப் போவதால் எழுத்தும் அவசரப்படாமல் நிற்கும், என்னைப் போன்றவன் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை. பக்கத்தில் விலையான கோட்டுப் போட்ட ஒரு அம்மாவைப் பார்த்தேன். அவவும் தலையை நிமிர்த்தி வாசித்துக்கொண்டிருந்தா. இந்த நகரத்தில் இத்தாலியர் கனபேர், சரி, ஆனாலும் அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான் எழுத்தை நம்பி இருந்தார்கள். கனடாவுக்கு வந்த பிறகு மொழி தெரியாமல் நான் கூச்சப்படாமல் இருந்த முதல் இடம் அதுதான்.

அந்த எழுத்து முறை, சேர்ட்டைட்டில் என்பார்கள், உலகத்திலேயே முதன்முதலாக வந்தது இதே ரொறன்ரோவில், இதே மண்டபத்தில், 1983 தை மாதம், 'எலெக்ட்ரா' என்ற ஜெர்மன் ஒபெராவுக்கு. கொண்டுவந்தவர் அப்போது கனேடியன் ஒபெரா கொம்பனியை நடத்திய லொட்ஃபி மன்சூரி, ஈரானில் பிறந்தவர். சனம் மேடையைப் பார்க்காமல் மேலே பார்க்கும் என்று பலர் எரிந்து விழுந்தார்கள், இப்போது அது இல்லாத பெரிய ஒபெரா அரங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1983 என்றால் இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு ஆடிக் கலவரம் மட்டும்தான். அந்த வருடத்துக்கு ஒரு தையும் இருந்தது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

கொம்பனியைத் தட்டி எழுப்பியவர்களும் வந்தேறிகள்தான். நாற்பதுகளில் இங்கே ஒபெராப் பள்ளி தொடங்கிய ஆர்னோல்ட் வால்ட்டர் நாஜிகளுக்குத் தப்பி வந்தவர். ஹெர்மன் கைகர்-டொரல் ஃபிராங்க்ஃபேர்ட்டில் பிறந்து தென்னமெரிக்கா சுற்றி வந்தவர். 1950 மாசிக் குளிரில் றோயல் அலெக்ஸாண்ட்ரா தியேட்டரில் போட்ட முதல் விழாவில் மூன்றே ஒபெரா, அதில் ஒன்று இந்த பொஹெம்.

கொம்பனிக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடைக்க 2006 ஆகிவிட்டது. குவீன் வீதியும் யூனிவர்சிட்டி அவெனியூவும் சந்திக்கும் மூலையில் ஃபோர் சீசன்ஸ் சென்டர், ஏறத்தாழ 2,000 இருக்கை. ஒருபக்கம் ஸ்ட்ரீட்கார், இன்னொருபக்கம் நிலத்துக்குக் கீழே சப்வே. அந்த அதிர்வு உள்ளே வராமலிருக்க அரங்கத்தை நூற்றுக்கணக்கான ரப்பர் மெத்தைகள்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். பாடுகிறவர்களுக்கு மைக் கிடையாது. எங்கள் ஆட்களின் கலைவிழாக்களில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்து காது அடைத்துப்போன எனக்கு அது ஒரு மருந்து. அரங்கைக் கட்டுவித்த றிச்சர்ட் பிராட்ஷா அடுத்த வருடமே காலமாகிவிட்டார். மேலே கண்ணாடிப் பக்கம் அவர் பெயரில் ஒரு படிக்கட்டு அரங்கு, அங்கே மத்தியானத்தில் இலவசக் கச்சேரி வைப்பார்கள், சாப்பாட்டு இடைவேளையில் நான் பலதரம் போயிருக்கிறேன்.

இலை பழுக்கும்போது சீசன் தொடங்கும், பனியில் ஒரு சுற்று, வைகாசியோடு சரி. கோடையில் கிடையாது, அது பார்பிக்யூக் காலம்.

போன மாரியில் அண்ணையை ஒருபடியாகக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது எழுபது தாண்டிவிட்டார். கோயில் வீதியில் பாய் விரித்து, யாழ்ப்பாணத்து நாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை விடியவிடியப் பார்த்து வளர்ந்த மனிசன். முதல் அரை மணித்தியாலம் நெளிந்தார். "எழுத்து ஓடுது, அண்ணை, மேல பாருங்கோ" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கியவர் பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. முடிந்து சப்வேக்கு இறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"தொண்டை இருக்கு அவளுக்கு. ஆனா வைரமுத்து சுடலையில நிண்டு பாடேக்க எங்களுக்கு எழுத்து ஒண்டும் தேவைப்படேல்ல, என்ன?"

"கதை தெரியும்தானே, அண்ணை."

"ஓமோம்." பிளாட்போமில் கொஞ்ச நேரம் நின்றார். "அடுத்தது எப்ப?"