கியூ பூங்காவில் மரியான் நார்த்தின் சுவர்கள்

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் கிழக்கு ஓரத்தில், சுற்றிலும் தாழ்வாரம் வைத்த ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. உள்ளே போனால் சுவரே தெரியாது. 800-க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் சட்டத்தோடு சட்டம் உரச நெருக்கியடித்துத் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே 246 வகை மரத்துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். கண்ணை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் சற்று நேரம் திணறிப்போனேன்.

அத்தனையும் மரியான் நார்த் என்ற ஒரே பெண் வரைந்தவை. 1869-ல் தந்தை இறந்தபின், நாற்பதை நெருங்கும் வயதில், திருமணமே வேண்டாமென்று உலகம் சுற்றக் கிளம்பியவர். ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், இலங்கை, இந்தியா என்று போய்க்கொண்டே இருந்தார். பணமும், ஆளுநர் மாளிகைகளைத் திறந்துவிடும் அறிமுகக் கடிதங்களும் கையில் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காலத் தாவர ஓவியர்கள் செடியை வெள்ளைத் தாளில் தனியே வைத்து நீர்வண்ணத்தில் தீட்டுவார்கள். இவரோ பூவுக்குப் பின்னால் அது வளரும் மலையையும் ஆற்றையும் சேர்த்தே வரைந்தார். சில படங்களில் நிறம் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடிக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த முறைதான் பிடித்தது. செடிக்கு ஓர் ஊர் இருப்பது தெரிகிறது.

நான் அதிக நேரம் நின்றது, போர்னியோத் தீவின் சரவாக் பகுதியில் வளரும், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியின் ஓவியத்துக்கு முன்னால். சுண்ணாம்புப் பாறை மலைகளிலிருந்து வேறொருவர் கொண்டுவந்து கொடுத்த கொடியை மாடத்தில் தொங்கவிட்டு அதை வரைந்தாராம். செடி வளர்ந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஓவியத்தைப் பார்த்த லண்டன் நாற்றுப்பண்ணைக்காரர் போர்னியோவுக்கு ஆள் அனுப்பிச் செடியைத் தேடினார். அறிவியலுக்கு அது புதிய இனம். 'நெப்பந்தஸ் நார்தியானா' என்று ஓவியரின் பெயரையே அதற்கு வைத்தார் கியூவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர்.

மரியான் தஞ்சாவூருக்கும் வந்திருக்கிறார். அங்கே நீதிபதியாக இருந்த வடமொழி அறிஞர் பர்னலின் விருந்தாளி. இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளைப் பற்றி இருவரும் பேசியிருக்கிறார்கள்.

1882-ல் இந்தக் கூடத்தைத் தன் செலவிலேயே கட்டித் திறந்தபோது, வருகிறவர்களுக்குத் தேநீரோ காப்பியோ தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஹூக்கர் மறுத்துவிட்டார். அம்மையார் விடவில்லை: கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வரைந்துவைத்துவிட்டார்.