ஏழாம் வாய்ப்பாடும் மகளின் சைக்கிளும்

2023 தீபாவளிக்கு முந்தின வாரம் என்னிடம் 43 ஜாக்கெட் துணி தைக்காமல் கிடந்தது. ராத்திரி 12 மணி வரை மிஷினில் உட்கார்ந்திருப்பேன். அதனால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முதுகு வலித்தபோது, குனிந்தே இருப்பதால் வருகிற வலி என்றுதான் நினைத்தேன். இடது தாடையில் ஒரு இழுப்பு இருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஓமத்தண்ணீர் குடித்தேன். சோடா குடித்தேன். வியர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இ.சி.ஜி. எடுத்தது அதற்கும் ஆறு மணி நேரம் கழித்து. அது மாரடைப்பு.

இதைப் படிக்கிற பெண்கள், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரிதான் வரும் என்பதில்லை. முதுகு, தாடை, வாந்தி, காரணம் தெரியாத அசதி, மூச்சிரைப்பு, இப்படியும் வரும். ஓமத்தண்ணீருக்கு முன்னால் ஒரு இ.சி.ஜி. எடுங்கள். அந்த ஆறு மணி நேரத்தில் என் இதயத் தசை கொஞ்சம் செத்துப்போனது. அது திரும்ப வளராது.

108 வண்டியில் புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி. வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைப்பை நீக்கி, ரத்தக்குழாய் திறந்தே இருக்க ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலைக் குழாய் ஒன்றை வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் வீட்டை அடமானம் வைக்காமல் தப்பித்தோம். எக்கோவில் இதயம் இறைக்கும் அளவு 42 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தபிறகு என்னைத் தாங்கினார்கள். அதில் குறையே சொல்ல முடியாது. மகன் திருச்சியிலிருந்து வாராவாரம் வந்தான், மகள் ஒரு மாதம் கூடவே இருந்தாள். குடத்தைத் தொடாதே, வாசலுக்கு வராதே, கடைக்கு நான் போகிறேன், கோயிலுக்கு ஆட்டோ சொல்கிறேன். சரி, முதல் இரண்டு மாதம் அது தேவைதான். ஆனால் தை பிறந்தும், மாசி வந்தும் அப்படியே இருந்தது. பட்டன் வாங்க வேண்டும், ஊக்கு வாங்க வேண்டும் என்றால்கூட யாராவது வண்டி எடுக்கும்வரை காத்திருந்தேன். நூல் தீர்ந்துபோய் ஒரு நாள் முழுக்க மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது. உடம்புக்காக வந்த அழுகை இல்லை அது. இந்த மாதிரிக் காத்திருக்கிற வாழ்க்கையை நான் 26 வயதிலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அதைச் சொல்ல 1992-க்குப் போக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த காலம். பத்தாவது முடித்திருந்ததால் நானும் தொண்டராகச் சேர்ந்தேன். குடுமியான்மலைப் பக்கம் கல் உடைக்கிற பெண்களுக்கு ராத்திரி அரிக்கேன் விளக்கில் பாடம். எழுத்தைவிடக் கணக்கைத்தான் அவர்கள் ஆவலாகக் கேட்டார்கள். குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்திருந்த நேரம். எத்தனை லோடு, ஒரு லோடுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வாய்ப்பாடு. பகல் முழுக்கச் சம்மட்டி அடித்த பெண்கள் ராத்திரி "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு" என்று சேர்ந்து சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அறிவொளியின் ஒரு பாடமாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். அந்த வருடம் மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். மாவட்டம் முழுக்க லட்சம் பெண்கள் வரை கற்றுக்கொண்டதாகப் பிறகு எழுதினார்கள். அந்த லட்சத்தில் நானும் ஒருத்தி.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நான் வாங்கியது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். பலரும் அதையே விரும்பினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் குடத்தைக் கட்டலாம். நாலு வயது மகனை முன்னால் வைத்துக்கொண்டு அன்னவாசல் கடைவீதியில் முதன்முதலாகப் போனபோது ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். ஆனால் நான் இறங்கவில்லை. 20 வருடம் அதில்தான் போனேன். துணி வாங்கினேன், தைத்ததைக் கொண்டு போய்க் கொடுத்தேன், மகளைப் பள்ளியில் விட்டேன். யாரிடமும் "என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா" என்று கேட்டதில்லை. 2012 வாக்கில் மகன் ஸ்கூட்டர் வாங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், ஒரு நாள் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். அதற்கு இன்றும் வருந்துகிறேன்.

2024 மார்ச்சில் டிரெட்மில் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், சைக்கிள் ஓட்டலாமா என்று. கூட வந்த மகன் "அம்மா!" என்றான். டாக்டர் அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?" என்றார். இருபது வருடம் என்றேன். பரிசோதனை முடிவு பரவாயில்லாமல் இருந்ததால் சம்மதித்தார், ஆனால் மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார்.

ஓட்டும்போது பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். நெஞ்சு, தாடை, முதுகு எங்கே இறுக்கம் வந்தாலும், தலை சுற்றினாலும் இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாவதுதான் நான் யோசிக்காதது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு வருடம் போல ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டு மாத்திரையும் தருகிறார்கள். அந்த நிலையில் கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து. "ஹெல்மெட் இல்லாம ஏறாதீங்க. தலையில அடிபட்டா, வெளிய ஒண்ணும் தெரியலைன்னாலும் உடனே வந்துடுங்க" என்றார்.

முதலில் நான் ஓட்டியது சைக்கிளையே இல்லை. தையல் மிஷினை. மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஊசியில் நூல் கோக்காமல் வெறுமனே காலால் மிதித்தேன். காலை 10 நிமிடம், சாயங்காலம் 10 நிமிடம், அதோடு நடை. ஒரு மாதத்தில் கெண்டைக்காலுக்கு உயிர் வந்தது.

சைக்கிள் என்றால், மாட்டுக்கொட்டகையில் ஒன்று இருந்தது. 2010-ல் மகள் பதினொன்றாவது படித்தபோது அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள், முன்னால் கூடை வைத்தது. டயர் இரண்டும் வெடித்து, செயின் ஒரே துருக்கட்டியாக இருந்தது. அன்னவாசல் சைக்கிள் கடையில் முழு ஓவராயில் பண்ணச் சொன்னேன். பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, புது டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் போட்டு 1,650 ரூபாய் ஆனது. கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சீட்டை நன்றாக இறக்கி வைக்க வேண்டும், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும். அப்படி ஓட்டினால் முட்டி மடங்கிக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் விழ மாட்டோம். தைரியம் வந்தபிறகு வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏற்றிக்கொண்டேன். இப்போது குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளுகிற உயரத்தில் இருக்கிறது. அதுதான் முட்டிக்கு நல்லது.

முதல் நாள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹெல்மெட் மாட்டி, வீட்டிலிருந்து அய்யனார் கோயில் வரை போனேன். 400 மீட்டர் இருக்கும். ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்ததும் கைப்பிடி இரண்டு பக்கமும் ஆடியது, பிறகு நின்றது. உடம்பு மறக்கவே இல்லை. காற்று முகத்தில் பட்டதும் எனக்குச் சத்தம் போட வேண்டும் போல இருந்தது.

மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தான், நாடித்துடிப்பு காட்டுவது. மூச்சு வாங்கும்போதுகூட அது 90-ஐத் தாண்டவில்லை. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்டபோது, நான் சாப்பிடுகிற மெட்டோபுரோலால் மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும், அதனால் எண்ணை நம்பி வேகம் கூட்டக் கூடாது, மூச்சைத்தான் நம்ப வேண்டும் என்றார். கால் சீக்கிரம் அசந்து போவதற்கும் அந்த மாத்திரை ஒரு காரணமாம். அதைக் கேட்டபிறகுதான், முன்பு போல ஓட்ட முடியவில்லையே என்ற ஏக்கம் கொஞ்சம் அடங்கியது.

தனியாகப் போகிறவள் யாரோடு பேசிப் பார்ப்பது? அப்போதுதான் ஏழாம் வாய்ப்பாடு வந்தது. மிதித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்வேன். ஓரேழ் ஏழிலிருந்து பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு வரை தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. பத்தேழு எழுபதிலேயே மூச்சு அறுந்தால் மிதிப்பதைக் குறைப்பேன். சில நாள் எட்டாம் வாய்ப்பாடு. ஒன்றரை வருடமாக என் அளவுகோல் இதுதான்.

என் வீட்டுக்காரர் முதல் இரண்டு மாதம் டி.வி.எஸ். எக்ஸெல்லில் பின்னாலேயே வந்தார். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வண்டிச் சத்தத்தில் என் மூச்சு எனக்கே கேட்கவில்லை. "என்னங்க, நீங்க முன்னாடி போய்ப் பாலத்துகிட்ட நில்லுங்க, நான் வந்து சேர்றேன்" என்றேன். அப்படியே செய்தார். ஒரு நாள் நான் பாலத்தைத் தாண்டியும் நிற்காமல் போனேன். அவர் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் மாத்திரையை என் கூடையில் வைத்துவிட்டு வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் மோசமாகவும் போனது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன், வந்து சாப்பிடலாம் என்று. இரண்டு கிலோமீட்டரில் கை நடுங்கியது, கண் இருட்டியது. இதயம்தான் என்று பயந்து தைலமரக் காட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் தன் தூக்குவாளியிலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் தெளிந்தது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. உடம்பு உழைத்தாலே சர்க்கரை இறங்கும், மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். இப்போது சாப்பிடாமல் ஏறுவதில்லை, கூடையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். மகனிடம் அன்று சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வான்.

ஆடிக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மரம் குறைவு, பொட்டல், மேற்கிலிருந்து காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். கியர் இல்லாத சைக்கிளில் அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் போவது, காற்றில்லாத நாளில் மூன்று கிலோமீட்டர் போவதற்குச் சமம். அதனால் ஆடியில் தூரத்தைக் கணக்கு வைக்கக் கூடாது. நான் போகும்போது மேற்கே போவேன், களைப்பு இல்லாத நேரத்தில். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

போன மாத எக்கோவில் 51 சதவீதம் வந்தது. மாத்திரை, சாப்பாடு, நடை, சைக்கிள் எல்லாம் சேர்ந்து செய்தது. எனக்கு அந்த எண்ணில் சந்தோஷம்தான். அதைவிடப் பெரிய சந்தோஷம் போன வியாழக்கிழமை.

குடுமியான்மலைப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். அறிவொளியில் என்னிடம் எழுத்துக் கற்றவர், என்னோடு ஒரே வாரத்தில் சைக்கிள் கற்றவர், குவாரியில் 30 வருடம் கல் உடைத்தவர். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்து வாசல் திண்ணையோடு இருக்கிறார். அவருடைய ஜாக்கெட்டை மகன் காரில் வரும்போது கொடுத்தனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம், ஏன் என்று தோன்றியது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். போக வர 11 கிலோமீட்டர், இதுவரை நான் போனதில் அதிகம். கோயில் மலை கண்ணில் பட்ட இடத்தில் ஒரு தடவை இறங்கித் தண்ணீர் குடித்தேன். வாய்ப்பாடு கடைசி வரை அறுந்து போகவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைத்தான் பார்த்தார். கழற்றியதும், "ஏத்தா, நீயா? நெஞ்சுல கம்பி வச்சிருக்குன்னாங்க?" என்றார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கைப்பிடியைத் தொட்டார். பெல்லை ஒரு தடவை அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். "பின்னாடி ஒக்காந்துக்கிறேன், மலை வரைக்கும் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். டபுள்ஸ் அடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். பிறகு சைக்கிளின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான், அதையே பிடிமானமாக வைத்துக்கொண்டு தெரு முனை வரை தள்ளிக்கொண்டு நடந்து திரும்பினோம். ஆறு மாதமாக அவர் அந்த முனைக்கு வந்ததில்லையாம்.

கிளம்பும்போது உள்ளே போய் இன்னொரு துணி எடுத்து வந்து கூடையில் வைத்தார். "அவசரமில்ல. எப்பத் தச்சாலும் சரி, நீயே கொண்டாந்து குடு" என்றார்.

கழுத்து அளவு மட்டும் அரை இஞ்சு குறைத்துக்கொள்ளச் சொன்னார். நாளைக்கு வெட்டப் போகிறேன்.