கிலோவுக்கு எவ்வளவு?

கம்பனி எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்த முதல் மாதம், தோட்டத்து மேலாளரான துரை என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஒரு கிலோ தூள் செய்ய நமக்கு எவ்வளவு முடியுது, கிளாக்கர்?" நான் பதினோரு வருடமாக தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு, எழுதிக்கொண்டிருந்தவன். யார் எந்த மலையில் நின்றார், எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) போட்டது, யாருக்கு முற்பணம் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். இந்தக் கேள்வியை மட்டும் அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அது 1992. அதற்கு முன் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு இலங்கை மலையகத்தின் பெருந்தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயிருந்தன. ஜனவசம, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு நிறுவனங்கள்தான் பெரும்பாலான தோட்டங்களை நடத்தின. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் தோட்டத்தில் உரம் மழைக்குப் பிறகுதான் வந்து சேரும். அரசியல்வாதியின் துண்டுக் கடிதத்தோடு வேலைக்கு ஆள் வரும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் பழுதானால் கொழும்பிலிருந்து அனுமதி வரும்வரை கொழுந்து வாடிக் கிடக்கும். நட்டம் வந்தாலும் திறைசேரி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு பெரிய துரையிலிருந்து எங்கள்வரை எல்லோரிடமும் இருந்தது.

தனியார்மயம் என்ற சொல் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை, மக்கள்மயமாக்கல் என்றார்கள். தோட்டங்களைப் பிரித்து 22 பிராந்திய கம்பனிகள் அமைத்தார்கள். முதலில் நிர்வாகம் மட்டும் தனியாரிடம் போனது. 1995 முதல் 51 சதவீதப் பங்குகளையும் விற்றார்கள். காணி அரசாங்கத்துக்கே சொந்தம், கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகை. 10 சதவீதப் பங்கைத் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பங்குப் பத்திரங்களை ஆபீஸ் ஜன்னல் வழியாக நானே ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அறுபதை நெருங்கிய ஒரு அம்மா அதை வாங்கி, மேலிருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "ஐயா, இது எங்க காம்பராவுக்கு உறுதிப் பத்திரமா?" என்று கேட்டார். இல்லம்மா, இது கம்பனியில் உங்களுக்குள்ள பங்கு, நீங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடு இதில் சேராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு நாலாக மடித்து இடுப்பில் கட்டியிருந்த படங்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போனார். கொஞ்ச நாளில் டவுனிலிருந்து ஆட்கள் வந்து பத்திரங்களை விலைக்குக் கேட்டார்கள். கலியாணத்துக்கும் கடனுக்குமாகப் பலர் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

கம்பனி வந்து நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது பொய். உரம் நேரத்துக்கு வந்தது. ஸ்டோரில் புது மெஷின் பூட்டினார்கள். கணக்கில் ஓட்டை விழும் இடங்கள் அடைபட்டன. அந்த ஒழுங்கை நான் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்வி ஆபீசோடு நிற்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவின் சம்பளமும் கிலோவின் செலவில் ஏறியது, லயத்து வடிகானை வெட்டும் ஆளின் கூலியும் ஏறியது. கிலோவில் ஏறிய எதையும் அடுத்த மாதக் கூட்டத்தில் குறைக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவரின் இடத்துக்குப் புது ஆள் பதிவது குறைந்தது. முழுப்பேருக்கு ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவான நோர்ம் 16 கிலோவிலிருந்து 18 ஆனது. ஒரு நாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. சாயந்தரம் தராசில் கொழுந்து பறிக்கும் ஒரு இளம்பெண்ணுக்கு 17 கிலோ நின்றது. ஈரத்துக்கென்று கழித்த பிறகு அது இன்னும் குறைந்தது. "காலையில மலையே தெரியலீங்க ஐயா" என்றாள். முன்பு அப்படிப்பட்ட நாளில் கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் முழுப்பேர் விழும். அன்று நான் அரைப்பேர் எழுதினேன். அந்தக் கோட்டைப் போட்ட பேனா இன்னும் கையில் இருப்பதுபோல் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சேதம் மெதுவாக வந்தது. எங்கள் மலைகளில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை நிறைய நின்றது. அதைப் பிடுங்கி, மண்ணை ஆறப்போட்டு, புதுக்கன்று நட்டு, கொழுந்து எடுக்க ஐந்தாறு வருடம் ஆகும். அந்த வருடங்களில் செலவு மட்டும்தான், வரவு இல்லை. குத்தகைக்கு எடுத்தவர் வருடாந்த லாபத்தைத்தான் பார்ப்பார். புதுநடுகைக்கு வரவுசெலவில் போடும் தொகை வருடா வருடம் சுருங்கியது. செடி செத்த இடங்களில் டர்பன்டைன் மரம் வந்தது. மரத்துக்கு ஆள் தேவையில்லை. கொழுந்து குறைய வேலை நாள் குறைந்தது, இளம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளில் மூன்று லட்சத்துக்கும் மேல் தொழிலாளர் இருந்தார்கள். இன்று அதில் பாதியும் இல்லை. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இப்போது சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது.

சம்பளமும் இழுபறியாகவே போனது. தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா, 2019இல் 700. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபா என்று தீர்மானித்தபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டே விலகின.

தோட்டங்களைத் திரும்ப அரசாங்கமே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதையும் பார்த்தவன். கைமாற்றும்போது, வருடத்துக்கு எத்தனை ஏக்கர் புதுநடுகை, தவறினால் என்ன, லயம் யாருடையது, அதன் கூரைக்கு யார் பொறுப்பு என்று கறாராக எழுதி, அதை நிறைவேற்றவும் வைத்திருக்க வேண்டும். மரத்தை, மெஷினை, கட்டிடத்தை எல்லாம் எண்ணிப் பட்டியல் போட்டவர்கள், நாலு தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்களின் வீட்டைத் தோட்டத்துச் சொத்தாகவே எழுதிவிட்டார்கள்.

கூரைத் தகரம் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. கம்பனி, காணி அரசாங்கத்துடையது என்று பதில் போடும். அரசாங்க அலுவலகம், தோட்டம் கம்பனியின் நிர்வாகத்தில் உள்ளது என்று போடும். ஓய்வு பெற்ற மாதத்திலும் ஒன்று எழுதினேன், பத்துக் காம்பரா லயத்துக்கு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கம்பனிக்கும் மற்றதை அரசாங்க அலுவலகத்துக்கும் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ஆபீஸ் சாவியைக் கொடுத்தேன்.