தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம்: செயற்பாட்டிலிருந்து தொடங்கும் படிப்பு

ஐந்தாம் தரம் வரை சுற்றாடல் என்ற பெயரில் படித்தவை ஆறாம் தரத்தில் விஞ்ஞானம் என்ற தனிப்பாடமாக மாறும்போது, யாழ்ப்பாணத்துப் பெற்றோர் முதலில் விசாரிப்பது எந்த ரியூசன் நல்லது என்பதையே. நானும் அந்த வழியால் வந்தவன்தான். பின்னர் என் தங்கைக்கும் அயல் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் இப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது, நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பொதுவாக இருப்பதைக் கண்டேன். அவர்கள் பாடநூலில் ‘செயற்பாடு’ என்ற தலைப்பின் கீழ்த் தேவையான பொருள்களும் செய்முறையும் தரப்பட்டிருக்கும் பகுதியைத் தாண்டிப் போவதில்லை. மற்றப் பிள்ளைகள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே வரும் வரைவிலக்கணத்தை மாத்திரம் மனப்பாடம் செய்கிறார்கள். வினாத்தாள் பெரும்பாலும் அந்தச் செயற்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது என்பதால், படிப்பின் திட்டத்தையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இலையில் மாப்பொருள் இருப்பதைக் காட்டும் சோதனையை எடுத்துக்கொள்வோம். வெயிலில் நின்ற செடியின் இலையைக் கொதிநீரில் இட்டு, பின்னர் மதுசாரத்தில் இட்டுச் சூடாக்கி, வெந்நீரில் கழுவி, அயடீன் கரைசலை இட்டால் இலை கருநீலமாகும். இந்த ஒழுங்கை எல்லாப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். ஆனால் பரீட்சையில் கேட்கப்படுவது ஒவ்வொரு படியின் காரணமே. கொதிநீரில் இடுவது கலங்களைக் கொன்று மென்சவ்வுகளைச் சிதைப்பதற்கு. மதுசாரம் பச்சையத்தை அகற்றுவதற்கு, ஏனெனில் பச்சை நிறம் இருந்தால் அயடீனின் நிறமாற்றம் தெளிவாகத் தெரியாது. மதுசாரத்தை நேரடியாகச் சுவாலையில் வைக்காமல் நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்குவது அது இலகுவில் தீப்பற்றும் என்பதால். வெந்நீரில் கழுவுவது மதுசாரத்தில் மொறுமொறுப்பாகிப்போன இலையை மீண்டும் மென்மையாக்குவதற்கு. இந்த நான்கு காரணங்களையும் சொந்த வசனத்தில் எழுதக்கூடிய பிள்ளைக்கு அந்த வினாவில் புள்ளி குறைவது அரிது. (இந்தச் சோதனையை ஆசிரியரின் மேற்பார்வையில் பாடசாலை ஆய்வுகூடத்தில் மாத்திரமே செய்ய வேண்டும், வீட்டுக் குசினியில் மதுசாரம் வேண்டாம்.)

இதற்காக நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரித்து, செய்தது, கண்டது, அறிந்தது என்று எழுதச் சொல்வதாகும். இரண்டாம் மூன்றாம் நிரல்களைக் கலந்துவிடுவதால்தான் கட்டமைப்பு வினாக்களில் புள்ளிகள் கைநழுவுகின்றன. ‘சுண்ணாம்பு நீர் பால்நிறமாகியது’ என்பது அவதானம். ‘காபனீரொட்சைட்டு வெளிவந்தது’ என்பது முடிவு. அவதானத்தைக் கேட்ட இடத்தில் முடிவை எழுதினால், விடை தெரிந்த பிள்ளைக்கும் புள்ளி கிடைப்பதில்லை.

ஆண்டுத் திட்டத்தைப் பொறுத்தவரை, மூன்று தவணைகளும் சமமானவை அல்ல என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வந்து மாலை நேரங்களைக் கொண்டுபோய்விடும். ஓகஸ்ட் மாதத்தை அண்டி நல்லூர்த் திருவிழா வரும். மூன்றாந் தவணையில் மாரி மழை. ஆகவே நாளுக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கு யாழ்ப்பாணத்தில் சில கிழமைகளிலேயே குலைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கிழமைக்கு இரண்டு செயற்பாடுகள் என்று வைத்துக்கொண்டு, ஓர் அலகு முடிந்த அதே கிழமையில் அந்த அலகுக்குரிய கடந்தகால வினாக்களைச் செய்து பார்த்தால், தவணைப் பரீட்சைக்கு முந்திய நாள்களில் முழுப் புத்தகத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலை ஏற்படாது.

நம்மூரிலேயே பாதி ஆய்வுகூடம் திறந்துகிடப்பதை நாம் போதியளவு பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உள்ள குறை. குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் நமது கிணற்றுநீர் பல இடங்களில் வன்னீராக உள்ளது. அதைத் தொடர்ந்து கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்றாகும். அந்தப் படிவின் மீது தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்துவிட்டுப் பார்த்தால் குமிழிகள் எழும். அமிலம் காபனேற்றுடன் தாக்கமுற்று காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது என்ற வசனத்தை அதன் பின்னர் பிள்ளை மறக்காது. செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்தெடுத்த சாறு, தேசிக்காய்ச் சாற்றில் சிவந்தும் சுண்ணாம்பு நீரில் பச்சையாகியும் ஒரு காட்டியாகத் தொழிற்படும். பனங்கிழங்கின் ஒரு துண்டில் அயடீன் இட்டால் மாப்பொருள் தெரியும். பனஞ்சாறு சேரக் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்கினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்பதில் மதுவத்தினால் நிகழும் நொதித்தல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கிணற்றில் நீர் அள்ளும் துலாவைப் பார்த்த பிள்ளைகள் இன்று குறைவு என்றாலும், தாத்தா பாட்டியிடம் கேட்டு அதன் படத்தை வரைந்து, பொறுதி, சுமை, எத்தனம் மூன்றையும் குறித்துப் பார்ப்பது நெம்புகோல் பாடத்துக்கு நல்ல பயிற்சி.

பௌதிகப் பகுதியில் அலகுகள்தான் சிக்கல். 54 கிராம் திணிவும் 20 கன சென்ரிமீற்றர் கனவளவும் உள்ள உலோகத் துண்டின் அடர்த்தி 2.7 என்று எழுதி நிறுத்தினால் விடை முழுமையாகாது. ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் என்று எழுத வேண்டும். அதையே ஒரு கன மீற்றருக்கு 2700 கிலோகிராம் என்று மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். சமன்பாடு, பிரதியிடல், அலகுடன் விடை என மூன்று வரிகளாக எழுதும் வழக்கத்தை ஏழாம் தரத்திலேயே பிடித்துக்கொண்டால், தரம் 10இல் கணக்குகள் பயமுறுத்தாது.

ரியூசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வேண்டாம் என்பவன் நானல்லன். ஆனால் ஒரு பாடத்தைப் பாடசாலைக்கு முந்தி அங்கே முடித்துவிடும் வேகத்தில், ஆய்வுகூடத்தில் நிகழும் செயற்பாட்டைப் பிள்ளை ‘தெரிந்ததுதானே’ என்று அலட்சியமாகப் பார்க்கத் தொடங்குகிறது. அது நட்டம். தரம் 9 வரை, வீட்டில் யாராவது கிழமைக்கு ஒருமுறை இருந்து அந்த மூன்று நிரல்களையும் வாசித்துக் கேட்டால், பல பிள்ளைகளுக்கு வேறு வகுப்பே தேவைப்படாது.

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம் தரப்படுகிறது. அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இந்த வேகத்தை எட்டாம் தரத்திலிருந்தே மணிக்கூட்டை வைத்துப் பழகலாம். பரீட்சையில் படங்களைப் பென்சிலால் வரைந்து, பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமலும் உரிய பாகத்தைத் தொட்டும் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நிழற்றி அழகுபடுத்துவதற்குப் புள்ளி இல்லை. அந்த நேரத்தைக் கணக்கு விடைகளின் அலகுகளை மீண்டும் ஒருமுறை பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.